ராகு காலத்துக்கு முன்பே அனுப்பிவிட்டேன்

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்திருந்தால் போதாது, முழுசாக இருபத்துநாலு மணி நேரம் படுத்திருந்தால்தான் இன்சூரன்ஸ் பணம் தருவோம் என்று முடிவு செய்தவர் யார்? அவர் பெயர் தெரிந்திருந்தால் அவருக்கே எழுதியிருப்பேன். தெரியாததால் நம் ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கத்து மலருக்கு எழுதுகிறேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. படாளம் பக்கத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன், அதற்கு மேல் நாற்று நடப் போய்விட்டேன். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் பேசவும் வராது. போன மாதம், நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே இன்சூரன்சுக்கென்று தனி மேசை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். நர்ஸ் சுகன்யா, “ஆயா, உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?” என்று கேட்டாள். இருந்தது என்றேன். “எப்படி இருந்துச்சு?” என்றாள். நின்ற இடத்தில் சொல்கிற விஷயமா அது?

செங்கல்பட்டில் இருபது கட்டில் போட்ட நர்சிங் ஹோம். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அங்கே ஆயாவாகச் சேர்ந்தேன். கட்டிக்கொடுத்தது சதுரங்கப்பட்டினத்தில். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தினம் பஸ். நோயாளியை எழுப்பாமலே விரிப்பு மாற்றுவது, பெட்பேன் வைப்பது, பிரசவ அறையைக் கழுவிவிடுவது எல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிட்டது. இதெல்லாம் எந்த ஆயாவுக்கும் தெரியும். எனக்கென்று ஒரு பேர் கிடைத்தது வேறொன்றால்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குக் கிளம்பினால் திரும்பவும் வரவேண்டியிருக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அதனால் திங்கட்கிழமையே கிளம்பப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். அதற்குமுன் வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று குடும்பமே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டு, “நாளைக்குப் போகலாம்” என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். மீதியெல்லாம் என் பொறுப்பு. ஞாயிறு சாயங்காலமே மேனேஜரிடம் பில்லை முடிக்கச் சொல்வேன். காலை ஐந்தரைக்கு நர்சைக் கூப்பிட்டு ஊசியைக் கழற்றச் சொல்வேன். ஆறுக்கு உடம்பு துடைத்து, ஆறரைக்கு மாத்திரைகளைப் பையில் போட்டு, ஏழுக்கு ஆட்டோவை வாசல் சாய்தளத்துக்கு வரவழைத்துவிடுவேன். ஏழே கால் ஆகிவிட்டால் என் கைகால் ஓடாது. ஆனால் ஒரு நாளும் ஏழரையைத் தாண்டவிட்டதில்லை. “அஞ்சலை இருக்கிறாளா? அப்ப கவலை இல்லை” என்பார்கள். வெற்றிலை பாக்கோடு இருபது ரூபாய் தருவார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. இப்போது நினைத்தால் வயிற்றெரிச்சல்.

எங்களுக்கு மேலே மேரி சிஸ்டர். நாகர்கோயில் பக்கத்துக்காரர். கையில் கடிகாரம் கட்டமாட்டார், சட்டையில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டிருப்பார். நோயாளி உள்ளே வந்தால் ரிஜிஸ்டரில் நீல மை, வெளியே போனால் சிவப்பு மை. பில் கட்டிய நேரத்தையோ டாக்டரம்மா கையெழுத்திட்ட நேரத்தையோ எழுதமாட்டார். நோயாளியின் கால் சாய்தளத்தை விட்டு இறங்குகிறதா, அந்த நிமிஷத்தைத்தான் எழுதுவார். தன் நெஞ்சிலேயே கடிகாரம் தொங்கினாலும், “அஞ்சலை, நேரம்?” என்று என்னையும் கேட்பார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் பேனா இறங்கும். ஒருமுறை, “ஏழு மணி போல இருக்கும் சிஸ்டர்” என்றுவிட்டேன். “ஏழு மணி போலன்னு ஒரு நேரம் கடியாரத்துல கெடையாது பிள்ளே” என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ராகு காலத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் நாங்கள் அனுப்புவதைத் தடுத்ததும் இல்லை.

நாங்கள் இப்படி ஊரார் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் உடம்பை யார் பார்த்தார்கள்?

கொத்து வேலை பார்த்த என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, எங்கள் நர்சிங் ஹோமிலேயே கட்டுப் போட்டோம். அந்தச் செலவை என் சம்பளத்தில் பிடித்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மறைமலை நகர் கம்பெனிக்காரர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு அவர்களுக்கென்றே ஆஸ்பத்திரி. எங்களுக்கும் ஏதாவது உண்டா என்று மேனேஜரிடம் கேட்டேன். “ஆயாவுக்கு இன்னாத்துக்கு இன்சூரன்சு? நீதான் பொழுதுக்கும் ஆஸ்பத்திரியிலியே கீறியே!” என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது.

டாக்டர்களைப் பார்க்க ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வருவார். இரண்டு நாள் மாடிப்படியடியில் நின்று, மூன்றாம் நாள்தான் எனக்கு வாய் வந்தது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். வருஷத்துக்குக் கட்டவேண்டியது என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது என்றதும் அந்தத் தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

“அத்த வுடுங்கம்மா. லைஃப் பாலிசி போடுங்க. மாசம் கொஞ்சமாக் கட்டலாம்.”

“அது எப்ப சார் கெடைக்கும்?”

“நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா குடும்பத்துக்குக் கெடைக்கும்.”

“செத்தா தருவாங்க. நோவு வந்தா?”

“அது வேற பாலிசிம்மா.”

செத்த பிறகு தருகிறேன் என்பதற்கு மாதத் தவணை, சாகாமல் இருக்க உதவி கேட்டால் எட்டாத விலை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பிடம் சொன்னேன்.

பிறகு சுனாமி வந்தது. அதன் பின்னால் எங்கள் கடற்கரைக்குப் பல பேர் உதவி செய்ய வந்தார்கள். அப்படி வந்த ஒரு நிறுவனம், மகளிர் குழுவில் இருக்கிறவர்கள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து மருத்துவ இன்சூரன்ஸ் போட்டுத் தந்தது. ஆளுக்கு வருஷம் முந்நூற்றுச் சொச்சம், அதில் பிள்ளைகளும் அடக்கம். முதலில் நாம் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டு, பில்லை அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். குழுவைப் பார்த்துக்கொண்ட பெண் நிர்மலா வீடு வீடாக வந்து அட்டை கொடுத்தாள். அட்டையின் முன்பக்கம் தமிழில், “உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பு.” பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ். எங்களுக்குத் தெரிந்த மொழியில் இனிப்பு, தெரியாத மொழியில் விஷயம்.

என் வீட்டுக்காரரின் தங்கை தேவகிதான் தெருவிலேயே முதலில் பணம் கட்டியவள். புருஷன் விட்டுப்போனவள், இரண்டு பெண் பிள்ளைகள். சிறுசேரியில் புதிதாக வந்த கம்ப்யூட்டர் ஆபீஸ் ஒன்றில் கக்கூஸ் கழுவி, தரை துடைக்கிற வேலை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எதற்கும் சிரிக்கிறவள். அவளுக்கு மாதவிடாய் நிற்காமல் போக ஆரம்பித்து, முகம் வெளுத்துப்போன பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நர்சிங் ஹோமில் சேர்த்தேன். மேரி சிஸ்டர் நீல மையில் எழுதிய நேரம் காலை ஒன்பது நாற்பது.

டாக்டரம்மா மயக்க மருந்து கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து, ஒரு பாட்டில் ரத்தமும் ஏற்றினார். சதையைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: “கர்ப்பப்பையை எடுத்தே ஆகணும். ஒரு மாசத்துக்குள்ள கூட்டிட்டு வா, தள்ளிப்போடாதே.”

மறுநாள் திங்கட்கிழமை. கூடப்பிறந்தவள் மாதிரி இருக்கிறவளை ஏழரைக்கு மேல் விடுவேனா? ஆறு மணிக்கே எழுப்பினேன்.

“அண்ணி, இன்னும் கொஞ்சம் படுத்துக்கினு கீறனே. என் காலத்துல எவன் என்னை ஃபேனுக்குக் கீழ படுக்க வெச்சு பாலு குடுத்தான்?”

“ராவு காலம் வந்துடும்டி, எந்திரி.”

“உங்க ராவு காலத்துக்கு என் தூக்கம்தான் கெடைச்சுதா?”

முனகிக்கொண்டே எழுந்தாள். ஆட்டோவில் ஏற்றினேன். “அஞ்சலை, நேரம்?” என்றார் சிஸ்டர். “ஏழு பத்து” என்றேன். சிவப்பு மையில் ஏழு பத்து.

பில்லும் சீட்டும் எல்லாம் நிர்மலாவிடம் கொடுத்தோம். அந்தப் பணம் வந்ததும் பெரிய ஆபரேஷன் என்று தேவகி முடிவு செய்திருந்தாள். ஒரே ஒரு ஜோடிக் கம்மலை விற்றுத்தான் இதற்கே கட்டியிருந்தாள், அடுத்ததற்கு விற்க எதுவுமில்லை. ஆறு வாரம் கழித்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. நிர்மலா படித்துப் பார்த்துவிட்டு நிமிரவே இல்லை.

“இன்னா எழுதிக்கீது?” என்றாள் தேவகி.

“இருபத்துநாலு மணி நேரம் பெட்ல இல்லியாம்க்கா. இருபத்தொண்ணரை மணி நேரம்தானாம். அதனால கெடையாதாம்.”

“மயக்கம் குடுத்தாங்களே, ரத்தம் ஏத்துனாங்களே, அதெல்லாம் பொய்யா?”

“பொய்யின்னு சொல்லலக்கா. ரெண்டரை மணி நேரம் கம்மின்னு சொல்றாங்க.”

“இத்த நீ மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“எனக்கே தெரியாதுக்கா. எங்க மேடமும் சொல்லல.” அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

நான் மணியை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிந்து, நிதானமாகக் கிளம்பவிட்டிருந்தால் ஒன்பது நாற்பது தானாக ஆகியிருக்கும். யாரும் சொல்லாத சட்டம், அது தெரியாத நான், நடுவில் அவள்.

மேனேஜரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, “ப்பூ, இதுக்கா பேஜாரு? புதுசா ஒரு ஷீட்டு போட்டு பத்து மணின்னு எழுதி சீல் குத்திக் குடுக்கறேன். வர்றதுல பாதி இங்க வெச்சுடு” என்றார். எனக்கு அது தப்பு என்றுகூடத் தோன்றவில்லை, பாதியாவது கிடைக்குமே என்று சரி சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு ரிஜிஸ்டரிலும் நேரத்தை மாற்றவேண்டும், அது மேரி சிஸ்டரின் பீரோவில் இருந்தது. அவரிடம் போய் நின்றேன்.

“பீரோ தொறக்க மாட்டேன் பிள்ளே.”

“ஒரு வரிதானே சிஸ்டர். அவ செத்துடுவா.”

“இன்னைக்கு இவளுக்காக ஒரு நேரத்த மாத்துவேன். நாளைக்கு ஒரு சாவு கேசுல எவனாவது வந்து மாத்தச் சொல்லுவான். அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும், கேட்டியா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. இன்றைக்கும் அவர் செய்தது சரியா என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. நடந்த சிகிச்சை எல்லாவற்றையும் எழுதி, “நோயாளி சீக்கிரம் சென்றது குணமானதால் அல்ல, குடும்பத்தாரின் நம்பிக்கையால்” என்று சேர்த்து, டாக்டரம்மாவின் கையெழுத்தும் வாங்கி என்னிடம் நீட்டினார். “நீயே கொண்டுபோய்ச் சொல்லு. தாள் பாதிதான் பேசும்” என்றார்.

ஒரு புதன்கிழமை நானும் தேவகியும் சென்னைக்குப் போனோம். பணம் தருவதா வேண்டாமா என்று பார்க்கிற ஆபீஸ், மூன்றாவது மாடி. படி ஏறுவதற்குள் தேவகி இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். டோக்கன் வாங்கிக் காத்திருந்து, அதிகாரியின் அறைக்குள் போனபோது பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம். எங்கள் ஃபைலைக் கையில் எடுத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபைலைப் பிரிக்காமலே கீழே வைத்து, பேனாவை மூடினார். “ஒன்றரைக்கு மேல வாங்க.”

சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது என்று வெளியே வந்தோம். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அவர் சாப்பிடவில்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த பியூன் தணிந்த குரலில், “புதன்கெழம பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை ராவு காலம்மா. சார் அந்த நேரத்துல எந்த ஃபைலையும் தொட மாட்டாரு” என்றார்.

தேவகி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றரைக்கு உள்ளே போனோம். சிஸ்டரின் கடிதத்தைப் படித்தார். “நீங்களா சீக்கிரம் போனதுக்குக் கம்பெனி பொறுப்பு இல்லம்மா. ராகு காலம்னு எல்லாம் பாலிசியில ஒரு விதி கிடையாது” என்றார்.

என் வாழ்நாளில் நான் ஒரு அதிகாரி முன்னால் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். “சார், உங்க ராவு காலத்துக்கு, ரத்தம் போய்க்கினு கீற பொம்பள ஒன்றரை மணி நேரம் வெளிய உக்காந்தா. எங்க ராவு காலத்துக்கு நீங்க ரெண்டரை மணி நேரம் வுட்டுக் குடுக்கக் கூடாதா?”

பியூன் இருமினார். அதிகாரியின் முகம் சிவந்தது. “அம்மா, நான் நம்பறது வேற, பாலிசியில இருக்கறது வேற” என்று சொல்லிவிட்டு, பணம் கிடையாது என்று முன்பு அனுப்பிய அதே கடிதத்தின் மேல் இன்னொரு முத்திரை குத்தினார். கெட்ட மனுஷர் இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை.

படி இறங்கும்போது தேவகி, “இன்னா அண்ணி, உனக்குப் பேச வருமா? எங்கண்ணன் இத்தினி வருசமா ஒரு ஊமையோட குடும்பம் நடத்துதுன்னு நெனச்சுக்கினு இருந்தேனே!” என்றாள். சிரிக்கும்போதே உதடு வெளுத்திருந்தது.

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அன்றைக்கே கெஞ்சினேன். பத்து நாள் படுத்தால் வேலை போய்விடும், பிள்ளைகளுக்கு லீவு விடட்டும் என்றாள். டாக்டரம்மா ஒரு மாதம் என்றார். நாலாவது மாதத்தில், சிறுசேரியில் கக்கூஸ் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அந்த ஈரத்திலேயே விழுந்துவிட்டாள். கூட வேலை செய்த பெண்கள் வேனில் போட்டுச் செங்கல்பட்டு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை எடுத்தார்கள். பதினோரு நாள். பிழைத்தாள். ஒரு பைசா கேட்கவில்லை, அதற்காகவே அந்த டாக்டர் பிள்ளைகள் நல்லா இருக்கட்டும். ஆனால் சிறுசேரியில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் நர்சிங் ஹோமில் நோயாளி வந்து படுத்ததும் நான் முதலில் கேட்பது, “இன்சூரன்சு அட்டை கீதா?” என்பதுதான். இருந்தால், மணி கணக்கு முடியும்வரை கட்டிலை விட்டு இறங்கவிடமாட்டேன். “இன்னா ஆயா, இது ஆஸ்பத்திரியா ஜெயிலா? ராவு காலம் வருது வுடு!” என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வெற்றிலை பாக்கு நின்றுபோனது. மேனேஜர், கட்டில் காலியாகவில்லை என்று கத்தினார். அவரும் கத்தட்டும்.

என் கதை ஒரு வரி. வேலையை விட்டு நின்ற வருஷம் கையில் கொஞ்சம் பணம் வந்தது, நானே ஒரு பாலிசி எடுக்கலாம் என்று விசாரித்தேன். வயது தாண்டிவிட்டது என்றார்கள். சம்பளம் பற்றாதபோது வயது சரியாக இருந்தது. அவ்வளவுதான்.

தேவகியின் விஷயத்தைத்தான் முடிக்கவேண்டும். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் இருக்கும். மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இறால் உரித்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தாள். நிர்மலா அந்த வருஷச் சந்தா வாங்க வந்தாள். நானும் அங்கே இருந்தேன். விண்ணப்பப் பாரத்தை இந்தமுறை அவளே தமிழில் படித்துச் சொன்னாள், பாவம், பட்டுத் தெரிந்துகொண்டவள்.

“அக்கா, உங்களுக்கு மட்டும் புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்க. கர்ப்பப்பை சம்பந்தமான எந்த நோவுக்கும் பணம் கெடையாதாம்.”

“யார் கர்ப்பப்பைக்கு?”

“உங்களுதுக்குத்தான்.”

“அதான் அறுத்து எடுத்துட்டாங்களேடி! இல்லாததுக்கு எப்டிடி நோவு வரும்?”

“நான் கேட்டேன்க்கா. ஏற்கெனவே இருந்த நோவுன்னு அப்படித்தான் எழுதணுமாம்.”

தேவகி சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்ட இடம் வலித்ததோ என்னவோ, வயிற்றை அழுத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, “பசங்களுக்கு?” என்று கேட்டாள்.

“பசங்களுக்கு உண்டுக்கா.”

“குடு இப்டி.” இறால் வாடை போகக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். சந்தாவை எண்ணிக் கொடுத்தாள். அதில் ஒரு ரூபாய்கூட அவர்கள் குறைத்திருக்கவில்லை.